பேனா ஆஸ்பத்திரிக்கு வந்த விமானம்

ரசூலுக்குக் கைரேகை கிடையாது. பிறவியிலேயே இல்லாமல் இல்லை. எல்லாரையும் போல அவரும் பத்து விரலிலும் சுழியும் கோடுமாகத்தான் பிறந்தார். முப்பது வருஷம் பேனாவைப் பிடித்துத் தேய்த்ததில் போய்விட்டது. மற்ற விரல்கள் ஏதோ பாவம் பார்த்துக் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தன. பெருவிரல் இரண்டும் அம்மிக் குழவி மாதிரி மழமழவென்று ஆகிவிட்டன.

இது அவருக்கே தெரியவந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷம். அத்தா விட்டுப்போன வீட்டில் தன் பங்கை அண்ணன் பேருக்கு எழுதிக் கொடுக்க ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போயிருந்தார். கையெழுத்துப் போட்டாயிற்று. அடுத்து இடது பெருவிரல். குமாஸ்தா மையைத் தடவி, விரலைப் பிடித்துக் காகிதத்தில் உருட்டி எடுத்தார். கறுப்பாக ஒரு முட்டை விழுந்திருந்தது. அவ்வளவுதான். கோடு இல்லை, சுழி இல்லை.

"என்ன பாய், ஒழுங்கா வைங்க. இழுத்துட்டீங்க பாருங்க."

மறுபடி வைத்தார். மறுபடியும் முட்டை. நாலு தடவை ஆனபிறகு குமாஸ்தா அவர் விரலைத் தூக்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இதென்ன விரலா, சோப்புக் கட்டியா?" என்றார். வரிசையில் நின்ற சனம் மொத்தமும் சிரித்தது. ரசூலும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் திண்டில் சாய்ந்துகொண்டு மனைவி கமர் ஜஹானிடம், "கைநாட்டு வைக்கக்கூட லாயக்கில்லாத ஆளாப் போயிட்டேன்" என்றார். "அதான் கையெழுத்துப் போடத் தெரியுதே, அப்புறம் என்னவாம்?" என்று அவள் சோற்றை வைத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நந்தி கோயில் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் கடை. உள்ளே நின்று இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். வெளியே தகரப் பலகையில் 'பேனா ஆஸ்பத்திரி' என்று எழுதியிருந்தது. கீழே பொடி எழுத்தில் 'மூக்குக் கண்ணாடி பிரேமும் பார்க்கப்படும்'. ஆஸ்பத்திரி என்று எழுதினாலும் எழுதினார், ஊரில் உடைந்ததெல்லாம் அங்கே வந்து சேர்ந்தது. சீப்பு, சோப்பு டப்பா, கண் கழன்ற பொம்மை, ஹார்மோனியக் கட்டை, ஒருநாள் ஒரு கிழவருடைய பல்செட். எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் ரசூல் வாயில் முதலில் வருவது, "இது ஆகாதுங்க." இரண்டாவதாக வருவது, "சரி, வெச்சிட்டுப் போங்க."

இந்த இரண்டாவது வார்த்தைதான் அவர் உயிரை வாங்கியது. ஐம்பது தாண்டிய வயதில் அந்த மனிதருக்கு இருந்த ஒரே ஆசை தூக்கம். ஹஜ்ஜுக்குப் போகவேண்டும் என்று மற்றவர்கள் கனவு கண்டால், ஒருநாள் முழுக்க யாரும் எதையும் உடைக்காமல் இருக்கவேண்டும் என்று இவர் கனவு கண்டார். காலையில் கடை திறக்கும்போதே தோள்பட்டை குடையும். மத்தியானம் கண் நீர் வடியும். சாயங்காலம் முதுகு தனியாக, ஆள் தனியாக நடந்து வீட்டுக்குப் போவார்கள். ஆனாலும் கையில் வந்த பொருள், வந்ததைவிட நன்றாகத் திரும்பிப் போகவேண்டும். அதில் மட்டும் மனிதர் பிடிவாதம். கேட்டால் கேட்ட வேலையைச் செய்துவிட்டு விடுவோம் என்று கிடையாது. முள் மாற்றக் கொடுத்த பேனாவை மூடி வரைக்கும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுப்பார். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை.

பொருள் எதனால் ஆனது என்று அவர் மூக்கும் நகமும் சொல்லிவிடும். செல்லுலாய்டைத் துணியில் தேய்த்தால் கற்பூர வாசனை வரும். பேக்கலைட்டைத் தேய்த்தால் பினாயில் மாதிரி ஒரு நெடி. பிறகு வந்தது புது பிளாஸ்டிக். அதைத் தேய்த்தால் ஒரு வாசனையும் இல்லை. நகத்தால் சுண்டினால் மட்டும் சில்லறை விழுந்தது போல கிணுங்கென்று சத்தம். இந்தக் கிணுங்குகிற சாதியை ரசூலுக்குக் கண்டாலே ஆகாது. பார்க்க அழகாக இருக்கும், ஒரு தட்டுத் தட்டினால் விரிசல் விடும், பெட்ரோலில் துடைத்தால் மேலெல்லாம் மயிரிழைக் கீறல் ஓடும், வெயிலில் வைத்தால் வளையும்.

அதற்கு இன்னொரு எமன் உண்டு என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஸ்ரீரங்கம். புதன்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய், கோயில் கணக்கர்கள் வீட்டிலும் வக்கீல்கள் வீட்டிலும் பேனாவும் கண்ணாடியும் வாங்கி வருவது அவர் வழக்கம். ஐம்பத்தொன்பதில் ஒரு புதன்கிழமை, கீழச்சித்திரை வீதி ரெங்கம்மாள் வாசலிலேயே அவரை மறித்தாள். கையில் பட்டுப் புடவை. புடவையோடு புடவையாக ஒரு பிளாஸ்டிக் குங்குமச் சிமிழ் உருகி ஒட்டியிருந்தது.

"பாய், இந்த அநியாயத்தைப் பாருங்கோ. வெயில்ல வெக்கலை, அடுப்பண்டை வெக்கலை. பெட்டியில பத்திரமா ரசகற்பூரம் போட்டு வெச்சேன். இப்படி மெழுகா உருகியிருக்கே, பெருமாளே!"

ரசூல் முகர்ந்து பார்த்தார். துணிப் பெட்டியில் பூச்சிக்குப் போடுவார்களே, அந்த வெள்ளை உருண்டை நெடி. யார் சொன்னதையும் அப்படியே நம்புகிற ஆள் இல்லை அவர். கடைக்கு வந்து ஒரு தகர டப்பாவில் உடைந்த சீப்பு ஒன்றையும் இரண்டு ரசகற்பூர உருண்டையையும் போட்டு மூடி வைத்தார். பத்து நாள் கழித்துத் திறந்தால் சீப்பின் பற்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கொழகொழவென்று இருந்தன. ஆக, பூச்சி தின்னாமல் இருக்கப் போடுகிற சாமான், தானே தின்றுவிடுகிறது. அன்றிலிருந்து பிளாஸ்டிக்கோடு வருகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ரசகற்பூரம் போட்டீங்களா?"

அறுபத்து நாலாம் வருஷம், சித்திரை. கத்திரி வெயில் தொடங்கிய திங்கட்கிழமை காலை ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை போட்ட செயின், கண்ணுக்குக் கீழே கருவளையம். இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பது போல ஒரு துணிப் பொதியை அணைத்து வைத்திருந்தாள். பெயர் அமலராணி என்றாள். பொதியைப் பிரித்துப் பலகைமேல் வைத்தாள்.

விமானம். முழங்கை நீளம், சாம்பல் நிறம், மூக்கில் காற்றாடி வைத்த பழைய சண்டை விமானம். பாகம் பாகமாக அட்டைப் பெட்டியில் அடைத்து வெளிநாட்டில் விற்பார்களே, வாங்கி ஒட்டிச் சேர்க்கிற சாமான், அது. ஒரு ரெக்கை காய்ந்த வாழையிலை மாதிரி தொங்கியது. காற்றாடியின் ஒரு இதழ் ஒடிந்திருந்தது. விமானி உட்காரும் இடத்துக்கு மேலிருந்த கண்ணாடி மூடி பால் பூத்திருந்தது. ரெக்கையின் அடிப்பக்கத்தில் புடவை நெசவு ஊடும் பாவுமாக அப்படியே அச்சு விழுந்திருந்தது. நெசவைக்கூட ஒரு கணம் ரசித்தார் ரசூல். பிறகு குனிந்து முகர்ந்தார்.

"ரசகற்பூரம் போட்டீங்களா?"

"ஆமா பாய். நாலு உருண்டை. வீடு பூட்டிக் கெடக்குது, கரப்பான் வந்து ரெக்கையில ஒட்டின படத்தையெல்லாம் அரிச்சிடுமேன்னு, என் கல்யாணப் புடவையில சுத்திப் பெட்டியில வெச்சேன்."

"அப்ப இதைக் கெடுத்தது நீங்கதாம்மா" என்றார் ரசூல். அலுப்பில் வந்த வார்த்தை. சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

அமலராணி வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே, அது தீர்ந்துபோயிருந்தது. "நானா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு தானாகவே சொன்னாள். அவள் புருஷன் அமிர்தராஜ் பாலக்கரைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை. பதினாறு நாளைக்கு முன்னால் வலது கையை மெஷின் பிடித்துவிட்டது. "விரல் போச்சு பாய்" என்றாள். புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பகலெல்லாம் இவள் அங்கேதான். வீட்டைப் பார்க்க ஆளில்லை.

"ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன சட்டைக்காரத் தொரை, ஆங்கிலோ இந்தியரு ஒருத்தரு, போறப்ப இந்தப் பெட்டியை இவருகிட்ட கொடுத்துட்டுப் போனாரு. ரெண்டு மாசம் சாயங்காலம் சாயங்காலம் உட்கார்ந்து ஒட்டினாரு. என்கிட்டகூட அவ்வளவு பொறுமையாப் பேசினதில்லை. மாதா சுரூபத்துக்குப் பக்கத்துல வெச்சிருந்தோம். ஆஸ்பத்திரியில என்னைக் கேட்ட ஒரே கேள்வி, பிளேன் பத்திரமா இருக்கான்னு. இருக்குன்னு சொல்லிட்டேன். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பறாங்க பாய். கையும் போயி, வந்து பார்த்தா இதுவும் போயிருந்தா..."

ரசூல் விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுண்டினார். கிணுங்கவில்லை, ஊறிய தோல் மாதிரி தொப்பென்றது. "இது ஆகாதும்மா" என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"சரி, வெச்சிட்டுப் போங்க. சனிக்கிழமை காலையில வாங்க. பெட்டி இருந்தா அதையும் கொண்டாந்து கொடுங்க."

பெட்டியை அன்று மத்தியானமே கொண்டுவந்து கொடுத்தாள். திறந்து பார்த்த ரசூலுக்கு அமிர்தராஜ் என்கிற முகம் தெரியாத மனிதன்மேல் மரியாதை வந்துவிட்டது. பாகங்களைக் கிள்ளி எடுத்தபிறகு மிஞ்சுகிற பிளாஸ்டிக் காம்புகளை, வெற்றிலைக் காம்பு போலத் தூக்கி எறியாமல், நீளவாரியாகப் பிரித்து நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். "வேலைக்காரன்யா" என்றார் ரசூல், காலிக் கடையில். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வருவது வருஷத்துக்கு ஒருமுறை.

முதல் வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது. உள்ளே ஏறின நெடி வெளியேறும் வரைக்கும் அது ஊறின தோல்தான். தொட்டால் இன்னும் கெடும். மூன்று நாள் நிழலில் காற்றாட வைத்தால் தானாக இறுகும். கடையில் காற்று ஏது? வீட்டுக்குக் கொண்டுபோய், பள்ளிவாசல் பக்கத்துக் காற்று வருகிற பின்கட்டுத் துணிக்கொடியில், காற்றாடியில் நூல் கட்டித் தொங்கவிட்டார். கமர் ஜஹான் துவைத்த துணியோடு வந்து நின்றாள்.

"ஊரு உலகத்துல கொடியில பிளேனைக் காயப்போட்ட ஆம்பளை நீங்க ஒருத்தர்தான். என் துப்பட்டியை எங்க போடறதாம்?"

"மூணு நாளைக்குப் பொறுத்துக்க கமர். ஒரு பொம்பளை அழாம உட்கார்ந்திருந்தா. அதை என்னால பாக்க முடியல."

அவள் துப்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படிக் கைப்பிடியைத் தேடிப் போனாள். புதன்கிழமை ரசூல் ஸ்ரீரங்கம் போகவில்லை. இரண்டு கணக்கர்களும் ஒரு வக்கீலும் கண்ணாடி இல்லாமல் ஒரு வாரம் தடவட்டும் என்று விட்டுவிட்டார். அந்த நேரத்தில், பெட்டியில் காய்ந்துபோயிருந்த பழைய பசைக்குப் பதில் புதுப் பசை செய்தார். அசிட்டோனில் ஒரு காம்புத் துண்டைத் தொட்டுப் பார்த்தார். வெளுத்துப் போயிற்று, ஆகாது. மருந்துக்கடைக் கம்பவுண்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய குளோரோபாமில் போட்டார். கரைந்து தேன் பதத்துக்கு வந்தது. அதே பிளாஸ்டிக்கைக் கரைத்து அதே பிளாஸ்டிக்கை ஒட்டினால் ஒட்டு என்றே தெரியாது. காம்பை எறியாமல் வைத்தவன் புண்ணியம்.

வியாழக்கிழமை காலை சுண்டிப் பார்த்தார். லேசாகக் கிணுங்கியது. அப்பாடா.

தொங்கின ரெக்கைக்கு வெந்நீர். கொதிக்கிற தண்ணீரில் விட்டால் அப்பளமாகச் சுருளும். ஆறின தண்ணீருக்கு மசியாது. கொதி அடங்கி ஆவி மட்டும் பறக்கிற சமயத்தில் ரெக்கையை முக்கி, பத்து எண்ணி, எடுத்த சூட்டோடு இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவில் வைத்துப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சூடு அவருக்கு உறைக்கவில்லை. அந்த விரலுக்கு உறைப்பதெல்லாம் நின்று வருஷக்கணக்காகிறது. ஒடிந்த இதழுக்குக் காம்பைச் சீவி இன்னொரு இதழ் செய்து ஒட்டினார். நெசவு அச்சைப் பிளேடு முனையால் சுரண்டி, தண்ணீர் தொட்ட உப்புத்தாளால் இழைத்தார். அதற்கே வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது.

ஜும்மா தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்தபோது முதுகு, 'இன்றைக்கு விடு' என்றது. கண்ணாடி மூடி ஒன்றுதான் பாக்கி. பல்பொடியைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தொட்டு மூடியைத் தேய்க்கத் தொடங்கினார். பால் பூத்தது விலகி, உள்ளே குட்டி விமானியின் தலை தெரிந்தது. வேலை முடிந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா அவர்? வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர், மூடிக்குச் சற்றுக் கீழே, இடது விலாவில் ஒரு கறையைக் கண்டார். பசை பட்ட விரல் பதிந்து காய்ந்த தடம். கோடு கோடாக, சுழி சுழியாக, ஒரு முழுப் பெருவிரல்.

'இவ்வளவு சுத்தமா வேலை பார்த்தவன் இங்க மட்டும் கோட்டை விட்டுட்டானே' என்று நினைத்தார். ஒட்டும்போது அவசரப்பட்டுப் பிடித்திருப்பான். இந்தச் சாமானில் எல்லாரும் செய்கிற பிழைதான் அது. ஒரு நொடி கை நின்றது. தடத்தின் அழகைப் பார்த்தாரா, தன் விரலில் இல்லாத கோட்டைப் பார்த்தாரா, அவருக்கே தெரியாது. அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றும் தோன்றியது. கேட்பதென்றால் நாளைக்குக் காலையில் மறுபடி இந்தத் துணியை எடுக்கவேண்டும், மறுபடி குனியவேண்டும். தோள் குடைந்தது. வந்ததைவிட நன்றாகப் போகட்டுமே என்று துணியை வைத்து அழுத்தினார். ஐந்தே நிமிஷம். விலா கண்ணாடியாகப் பளபளத்தது.

சனிக்கிழமை காலை அமலராணி வந்தாள். விமானத்தைப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நிமிர்ந்த இரண்டு ரெக்கை, சுற்றுகிற காற்றாடி, தெளிந்த மூடி. "புதுசாட்டம் இருக்கே பாய்" என்றாள். அதைக் கேட்கத்தானே மனிதர் உயிரைக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் வழக்கத்துக்கு மாறாக நீளமாகப் பேசினார்.

"இங்க பாருங்கம்மா. இனிமே ரசகற்பூரம் இருக்கற பெட்டிக்குள்ள இது போகவே கூடாது. கரப்பானுக்குப் பயந்தா வசம்பைத் தட்டிப் பக்கத்துல வைங்க, நொச்சி எலையைப் போடுங்க. சாயங்கால வெயில் விழற ஜன்னல்ல வைக்காதீங்க, மறுபடி ரெக்கை தொங்கும். அழுக்குப் பட்டா சோப்புத் தண்ணி. பெட்ரோலைத் தொட்டீங்க, அவ்வளவுதான், மேலெல்லாம் கீறல் விட்டுடும். பளபளன்னு இருக்கேன்னு எண்ணெயும் தடவாதீங்க."

"சரி பாய். நீங்க நல்லா இருப்பீங்க" என்று அவள் மறுபடியும் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். ரசூல் அன்று மத்தியானம் பலகைமேல் தலையை வைத்து ஒரு மணி நேரம் தூங்கினார். பல மாதத்தில் அப்படி ஒரு தூக்கம் வாய்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், நெட்டையாக, ஒல்லியாக ஒருவர் கடைக்கு வந்தார். முகம் வெளுத்த காய்ச்சல்காரன் முகம். வலது கை மடித்த துண்டில் தொட்டிலாகத் தொங்கியது. இடது கையில் துணிப்பை. பையைப் பலகைமேல் வைக்கவே தடுமாறினார். இன்னும் இடது கைக்குப் பழகவில்லை. உள்ளேயிருந்து எடுத்து வைத்தது விமானம்.

"அமிர்தராஜுங்களா? உட்காருங்க தம்பி. மறுபடி என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க. வேலை அருமையா இருக்கு. எந்த ரெக்கை தொங்குச்சுன்னு என்னாலயே கண்டுபிடிக்க முடியல."

"வீட்டம்மா சொல்லிட்டாங்களா?"

"அவளால எதை மறைக்க முடியும்? நான் வீட்டுக்குள்ள கால் வெச்ச அஞ்சாவது நிமிஷம் ரசகற்பூரம், புடவை, உங்க கடை எல்லாத்தையும் கொட்டிட்டா. அவ மேல எனக்கு ஒண்ணும் இல்லைங்க. பத்திரமா வெக்கணும்னுதானே வெச்சா."

பிறகு அமிர்தராஜ் விமானத்தைத் திருப்பி இடது விலாவைக் காட்டினார். "இங்க ஒரு பெருவிரல் இருந்துச்சே பாய்" என்றார்.

ரசூல் விலாவைக் குனிந்து பார்த்தார். அப்போதும் முழுக்கப் புரியவில்லை. "கறைன்னு நெனச்சுத் தேச்சுட்டேன் தம்பி. பசைக் கறை" என்றார்.

"கறைதாங்க. கடைசி நாள் அவசரத்துல பட்டுடுச்சு. ஒரு வாரம் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். சுரண்டி எடுத்துடணும்னு பிளேடுகூட வாங்கினேன்." துண்டை விலக்கினார். கட்டு சின்னதாகியிருந்தது. ஆள்காட்டி விரலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. பெருவிரல் இருக்கவேண்டிய இடம் வெறும் துணிச் சரிவாக இருந்தது. "ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். போனது போச்சு, வீட்டுல ஒண்ணு இருக்குன்னு. வந்து பார்த்தேன். விமானம் இருந்துச்சு."

ரசூல் எழுந்தார், எழுந்த காரணம் தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். இந்த ஆள் கையை ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தேவலை. "யா அல்லாஹ், யாரும் கேட்காத வேலையைச் செஞ்சேன் தம்பி" என்றார். "அது விரல்னு தெரிஞ்சுதான் இருந்துச்சு. கேட்கணும்னு தோணுச்சு. அலுப்புல கேட்கல. என் கையை உடைக்கணும்."

"வேணாங்க. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது கையோட இருக்கணும்."

சந்தில் ஒரு ஜட்கா வண்டி போயிற்று. எதிர்க் கடைக்காரர் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். அமிர்தராஜ் விலாவின் பளபளப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பசை மிச்சம் இருக்குங்களா?" என்று கேட்டார்.

இருந்தது. ரசூல் புட்டியை எடுத்துத் திறந்தார். குச்சியால் தொட்டு, விரல் இருந்த அதே இடத்தில் மெல்லிசாகத் தடவினார். அமிர்தராஜின் இடது கையைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார்.

"இது வேணாம். இந்தக் கை அன்னிக்குச் சும்மா பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். இப்ப இதை மறுபடி செஞ்சவர் நீங்க. உங்க விரலை வைங்க. எப்பவாச்சும் எடுத்துப் பார்த்தா, செஞ்சவன் கை ஒண்ணு இருக்கும்."

"என் விரல் வேணாம் தம்பி."

"வைங்க பாய். காஞ்சிடப் போகுது."

ரசூல் வலது பெருவிரலை ஈரப் பசைமேல் வைத்தார். அழுத்தினார். ரிஜிஸ்தர் ஆபீசில் அழுத்தியதைவிட அதிகமாக அழுத்தினார். ஒரு கோடு, ஒரே ஒரு கோடாவது விழட்டும் என்று நெஞ்சுக்குள் துஆ கேட்டுக்கொண்டே எடுத்தார்.

சுத்தமாக ஒரு முட்டை. கோடு இல்லை, சுழி இல்லை.

அமிர்தராஜ் குனிந்து பார்த்தார். விமானத்தை விட்டுவிட்டு, இடது கையால் ரசூலின் பெருவிரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். மேலும் கீழும் தடவிப் பார்த்தார். குமாஸ்தா சிரித்தது போல இவர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு எப்பங்க போச்சு?" என்று கேட்டார்.

"தெரியல தம்பி. உங்களுக்குத் தேதி தெரியும். எனக்கு ஒரே நாள்ல போகல."

அமிர்தராஜ் விரலை விடவில்லை. பசை இறுக அரை மணி நேரம் ஆகும். அதுவரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.